மருந்து எதைத் தாக்குகிறது, செவிலியர் எதைக் கவனிக்க வேண்டும்: ஆன்டிபயாடிக், ஆன்டிவைரல் மருந்துகள் பற்றிய ஓர் அறிமுகம்

செவிலியப் படிப்பில் மருந்தியல் பாடத்தை முதன்முதலாகத் திறக்கும் மாணவருக்கு ஆன்டிபயாடிக் பகுதி ஒரு முடிவில்லாத பெயர்ப்பட்டியலாகவே தோன்றும். பென்சிலின், செஃபலோஸ்போரின், அமினோகிளைக்கோசைடு, மேக்ரோலைடு, குயினோலோன் என்று குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பல மருந்துகள். ஒவ்வொரு மருந்துக்கும் பக்கவிளைவுகள். இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் நோயாளியின் படுக்கை அருகில் நிற்கும்போது மனப்பாடம் செய்த பட்டியல் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த மருந்து கிருமியின் எந்தப் பகுதியைத் தாக்குகிறது? அந்தப் பகுதியோ அதைப் போன்ற ஒன்றோ மனித உடலிலும் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், எந்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க வேண்டும், நோயாளியிடம் எதைக் கேட்க வேண்டும், எவ்வளவு மெதுவாக மருந்தை ஏற்ற வேண்டும் என்பவற்றில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

பாக்டீரியா தனியாக வாழத் தெரிந்த ஓர் உயிர். அதற்கென்று செல் சுவர் உண்டு, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு, தன் மரபுப் பொருளை நகலெடுக்கும் நொதிகள் உண்டு. இவற்றுள் பல மனித செல்லில் இல்லாதவை, அல்லது அமைப்பில் வேறுபட்டவை. ஆகவே நம்மை அதிகம் பாதிக்காமல் பாக்டீரியாவை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. வைரஸ் அப்படிப்பட்டதல்ல. அது நம் செல்லுக்குள் நுழைந்து, நம் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. செல் சுவரோ ரைபோசோமோ அதற்குச் சொந்தமாகக் கிடையாது. சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் நோய்களுக்கு ஆன்டிபயாடிக் ஏன் பயன்படாது என்று நோயாளி கேட்டால், அந்த மருந்து தாக்க வேண்டிய பொருளே வைரஸில் இல்லை என்பதுதான் நேரான விடை.

செல் சுவரைக் குறிவைக்கும் மருந்துகள்

1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின்தான் இந்தக் குழுவுக்குத் தொடக்கம். ஹோவர்ட் ஃப்ளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் அதை நோயாளிக்குக் கொடுக்கத்தக்க மருந்தாக மாற்றினார்கள். மூவரும் 1945இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பாக்டீரியாவின் உள்ளே அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளால் ஆன சுவர். வளர்ந்து இரண்டாகப் பிரியும்போது சுவரின் இழைகளைக் குறுக்கே இணைத்துக் கட்டும் நொதிகளைப் பென்சிலின் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. கட்டி முடிக்கப்படாத சுவர் உட்புற அழுத்தத்தைத் தாங்காமல் கிழிந்து, பாக்டீரியா இறக்கிறது. மனித செல்லுக்குச் சுவரே இல்லாததால் பென்சிலின் குழு மருந்துகள் நேரடி நச்சுத்தன்மை மிகக் குறைந்தவை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இவை தயக்கமின்றிக் கொடுக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த மருந்தைப் பகையாகப் பார்க்கக்கூடும். செவிலியரின் முதல் வேலை இங்கே தொடங்குகிறது. “உங்களுக்கு மருந்து அலர்ஜி உண்டா?” என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, “உண்டு” என்ற பதிலை அட்டையில் சிவப்பு மையால் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது போதாது. எந்த மருந்து, எடுத்துக்கொண்ட எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது, மூச்சுத் திணறியதா, முகமும் உதடும் வீங்கினவா, உடல் முழுவதும் தடித்ததா, வயிற்றுப்போக்கு மட்டும்தானா, அதற்குப் பிறகு அதே குழு மருந்தை எப்போதாவது சாப்பிட்டதுண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்பவர்களை முறைப்படி பரிசோதித்தால், பெரும்பாலோர் அந்த மருந்தைத் தாங்கிக்கொள்பவர்களாகவே இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தவறாகப் பதியப்பட்ட ஒவ்வாமை தீங்கற்ற எச்சரிக்கை போலத் தோன்றினாலும், அந்த நோயாளிக்கு வாழ்நாள் முழுவதும் நல்ல மருந்து மறுக்கப்பட்டு, அதைவிட நச்சு மிகுந்த, அல்லது அதைவிடப் பயன் குறைந்த மருந்து கொடுக்கப்படும். எனவே வயிற்றுப்போக்கை வயிற்றுப்போக்கு என்றும், உதடு வீங்கியதை உதடு வீங்கியது என்றும் உள்ளபடியே எழுதுவது நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி.

மறுபக்கம், உண்மையான ஒவ்வாமை சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. முன்பு ஒருமுறை எதுவும் நேரவில்லை என்பது இம்முறைக்கு உறுதிமொழி ஆகாது, ஏனெனில் முதல் முறை கொடுத்த மருந்துதான் உடலை எதிர்வினைக்குத் தயார்படுத்துகிறது. ஊசி போட்டபின் நோயாளியை அரை மணி நேரமாவது கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, குரல் கரகரத்தல், மூச்சிரைப்பு, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை தோன்றினால் உடனே மருந்தை நிறுத்தி, உதவிக்கு அழைத்து, மருத்துவமனை நெறிமுறைப்படி அட்ரினலினைத் தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் செலுத்த வேண்டும். பெரியவருக்கு வழக்கமான அளவு 0.5 மி.கி. ஒவ்வாமைக்கான மாத்திரையும் ஸ்டீராய்டும் அட்ரினலினுக்கு ஈடாகமாட்டா. ஆன்டிபயாடிக் ஊசியைக் கையில் எடுக்கும் முன், அட்ரினலின் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பென்சிலின் குழுவில் ஒரு மருந்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பென்சாதீன் பென்சிலின் தசையில் ஆழமாகப் போடப்படுவது. அங்கிருந்து வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கும். அது பால் போன்ற கலங்கலான திரவம். அதைச் சிரையில் செலுத்தியதால் இதயம் நின்று மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. பென்சைல் பென்சிலினோ சிரையிலும் கொடுக்கப்படுவது. பெயரில் உள்ள சிறு ஒற்றுமை காரணமாக இரண்டும் மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. குப்பியின் முழுப் பெயரையும் வாய்விட்டுப் படிப்பது இங்கே வெறும் சடங்கு ஆகாது.

பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. பல பாக்டீரியாக்கள் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து பென்சிலினின் வளையத்தை உடைத்துவிடுகின்றன. அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலமும், பைப்பராசிலினுடன் டாசோபாக்டமும் சேர்க்கப்படுவது அந்த நொதியைக் கட்டிப்போடுவதற்காகத்தான். அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமில மாத்திரை வயிற்றைக் கலக்கும் இயல்புடையதால், உணவின் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

செஃபலோஸ்போரின்களும் இதே வகையில்தான் வேலை செய்கின்றன. இவற்றுள் செஃப்ட்ரியாக்ஸோன் நீண்ட நேரம் இரத்தத்தில் தங்குவதால் பல நோய்களுக்கு நாளுக்கு ஒருமுறை போதும். ஆனால் கால்சியத்துடன் சேர்ந்தால் இது திடப்பொருளாகப் படிந்துவிடும். கால்சியம் கலந்த சிரைவழித் திரவமான ரிங்கர் லாக்டேட் ஓடிக்கொண்டிருக்கும் அதே குழாயில் இதைக் கலக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பதென்றாலும் இடையில் குழாயைச் சலைனால் (உப்பு நீர்க் கரைசல்) நன்கு கழுவ வேண்டும்; பிறந்து 28 நாட்களுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சிரைவழிக் கால்சியம் தேவைப்படும் நிலையில் செஃப்ட்ரியாக்ஸோனே கூடாது.

வேன்கோமைசினும் சுவரைத்தான் தாக்குகிறது, வேறொரு இடத்தைப் பற்றிக்கொண்டு. அளவில் பெரிய மூலக்கூறு என்பதால் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகாது. இந்தக் குறையே ஓரிடத்தில் பயனாகிறது: குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா குடலில் உண்டாக்கும் நோய்க்கு வேன்கோமைசின் வாய்வழியாகவே கொடுக்கப்படுகிறது, ஏனெனில் மருந்து குடலிலேயே தங்க வேண்டும். இரத்தத்தில் உள்ள கிருமிக்கென்றால் சிரைவழிதான். சிரையில் வேகமாக ஏற்றினால் உடலின் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். முகமும் கழுத்தும் மார்பின் மேல்பகுதியும் சிவந்து அரிக்கும், இரத்த அழுத்தமும் இறங்கலாம். இது பெரும்பாலும் ஒவ்வாமை ஆகாது, ஏற்றிய வேகத்தின் விளைவு. ஒரு கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும் என்ற விதி இதற்காகவே. சிவப்பு தோன்றினால் நிறுத்தி, மருத்துவரிடம் தெரிவித்து, அறிகுறி அடங்கியபின் அவர் சொல்லும்போது இன்னும் மெதுவாகத் தொடரலாம். இதையும் “வேன்கோமைசின் அலர்ஜி” என்று எழுதிவிட்டால் முன்பு சொன்ன அதே தீங்கு நேரும்.

ரைபோசோமைத் தாக்குபவை

பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ் என்ற அளவுடையது, நம் செல்லின் ரைபோசோம் 80எஸ். இந்த வேறுபாடுதான் இந்தக் குழுவுக்கு வாய்ப்பளிக்கிறது. ஆனால் பாதுகாப்பு முழுமையானதல்ல: நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த ரைபோசோம் உண்டு, அது பாக்டீரியாவினுடையதை ஒத்திருக்கிறது. இந்த ஒரு செய்தி மனத்தில் இருந்தால் ரைபோசோமைத் தாக்கும் லினசோலிட் பல நாட்கள் தொடரும்போது ஏன் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன, ஏன் லாக்டிக் அமிலம் ஏறக்கூடும் என்பது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதாக இராது. லினசோலிட் தொடரும் நோயாளிக்கு வாரந்தோறும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்கப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மன அழுத்தத்துக்கான மாத்திரை சாப்பிடுபவரா என்றும் கேட்க வேண்டும், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் செரடோனின் மிகுந்து நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம்.

ஜென்டாமைசின், அமிகாசின் ஆகிய அமினோகிளைக்கோசைடுகள் காதின் உட்புற நுண்மயிர் செல்களிலும் சிறுநீரகக் குழல்களின் செல்களிலும் சேர்ந்து தங்குகின்றன. சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் மீளக்கூடியது. போன கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் சிறுநீர் வெளியேறும் அளவையும் பார்ப்பதோடு, “காதில் இரைச்சல் கேட்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா?” என்று நோயாளியிடம் நாள்தோறும் கேட்க வேண்டும். படுத்தே கிடப்பவருக்குத் தள்ளாட்டம் தெரியாது. முதன்முறை எழுந்து நிற்கும்போதுதான் வெளிப்படும்.

இங்கே ஒரு கருத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மருந்து அட்டவணையில் உள்ள நேரங்களின் பொருள் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவு என்று ஓர் அளவு உண்டு. பென்சிலின் குழு மருந்துகளின் பயன், இரத்தத்தில் மருந்து அந்த அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் கூடுதல் பயன் அதிகம் இல்லை. பென்சைல் பென்சிலின் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். இரவு 2 மணி டோஸை, நோயாளி தூங்குகிறார் என்ற இரக்கத்தால் காலை 6 மணிக்குத் தள்ளிவைத்தால், இடைப்பட்ட நேரத்தில் கிருமி தடையின்றிப் பெருகுகிறது. அமினோகிளைக்கோசைடுகளின் கணக்கு நேர்மாறானது. அவை எவ்வளவு உயரமான செறிவை எட்டுகின்றனவோ அவ்வளவு விரைவாகக் கொல்லும். செறிவு இறங்கிய பின்னும் கிருமி சில மணி நேரம் தலைதூக்காது. நாளுக்கு ஒருமுறை பெரிய டோஸாகக் கொடுத்துவிட்டு, அடுத்ததற்குள் சிறுநீரகம் அதை வெளியேற்ற இடைவெளி விடுவது இதனால்தான். அடுத்த டோஸுக்கு முன் இரத்தம் எடுத்து மருந்தளவைப் பார்க்கச் சொன்னால், மருந்து ஏற்றிய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் நிமிடம் பிசகாமல் எழுத வேண்டும். நேரம் தவறாக எழுதப்பட்ட மாதிரியைக் கொண்டு அடுத்த டோஸைத் தீர்மானிப்பது, மாதிரியே எடுக்காததைவிடக் கேடானது.

ரைபோசோமைத் தாக்கும் மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். அசித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய மேக்ரோலைடுகள் இதயத்தின் மின்துடிப்பு இடைவெளியை நீட்டக்கூடியவை. பொட்டாசியம் குறைந்தவர், இதய லயத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் இசிஜி பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டும். டாக்சிசைக்ளின் உள்ளிட்ட டெட்ராசைக்ளின்கள் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. வளரும் பல்லில் நிரந்தரக் கறை, இரும்புச்சத்து மாத்திரையோடும் அமில முறிவு மருந்தோடும் சேர்ந்தால் உறிஞ்சப்படாமை ஆகிய இரண்டும் அந்த ஒரே இயல்பிலிருந்து வருபவை. டாக்சிசைக்ளின் மாத்திரையை ஒரு டம்ளர் நீர் நிறையக் குடித்து விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்ல வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதையும் சொல்ல வேண்டும். கிளின்டாமைசின் குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, முன்பு குறிப்பிட்ட டிஃபிசில் பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பதில் பெயர்போனது. எனினும் எந்த ஆன்டிபயாடிக்கும் அதைச் செய்யலாம். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் தெரிவிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுக்கக் கூடாது, கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். இந்தப் பாக்டீரியாவின் வித்துகளை ஆல்கஹால் கைத்திரவம் கொல்லாது.

மரபுப் பொருளையும் ஃபோலேட்டையும் குறிவைப்பவை

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை பாக்டீரியா தன் டிஎன்ஏவை முறுக்கவிழ்த்து நகலெடுக்கும் நொதியைத் தடுக்கின்றன. குதிகால் நாண் வலித்தால் உடனே சொல்லும்படி நோயாளியிடம் கூற வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களிலும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிலும் நாண் கிழியும் ஆபத்து அதிகம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவரில் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம். கால்சியம், இரும்பு, அமில முறிவு மருந்து ஆகியவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோஃப்ளாக்சசினைக் கொடுக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுபவருக்கு இதைப் பொடித்துக் கொடுத்தால் உணவுத் திரவத்தோடு ஒட்டி வீணாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கோட்ரைமாக்சசோல் ஃபோலேட் தயாரிப்பைத் தடுக்கிறது. நாம் ஃபோலேட்டை உணவிலிருந்து பெறுகிறோம், பாக்டீரியா தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். வேறுபாடு அங்கே இருக்கிறது. சல்ஃபா ஒவ்வாமை, தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் கடுமையான எதிர்வினை, பொட்டாசியம் ஏறுதல் ஆகியவை இதில் கவனிக்கத்தக்கவை. மெட்ரோனிடசோல் பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்கானது. வாயில் உலோகச் சுவையும் சிறுநீர் கருத்த நிறமும் வரும், மது அருந்தக் கூடாது என்று அறிவுறுத்தப்படுகிறது. ரிஃபாம்பிசின் சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றை ஆரஞ்சு நிறமாக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று பயந்து நோயாளி காசநோய் மருந்தையே நிறுத்திவிடக்கூடும். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பயனையும் குறைத்துவிடும் என்பதால் இளம் பெண்ணிடம் இதைத் தனியாக, தயக்கமின்றிப் பேச வேண்டும்.

முதல் டோஸ், முழு டோஸ்

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சருக்கான (கிருமியை வளர்த்து அடையாளம் காணும் பரிசோதனை) இரத்தம் எடுக்கப்பட வேண்டும். மருந்து ஏறிய பின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம், பிறகு எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். ஆனால் இரத்தம் எடுப்பது கடினமாக இருக்கிறது என்று மருந்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. கடுமையான தொற்றால் இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும் செப்டிக் ஷாக் நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்று சர்வைவிங் செப்சிஸ் கேம்பெயின் என்ற சர்வதேச முன்னெடுப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்ட மருந்தை வரவழைப்பது, கரைப்பது, கேனுலா (சிரையில் செருகும் சிறு குழாய்) போடுவது, ஏற்றுவது எல்லாம் செவிலியர் கையில் இருக்கின்றன.

எழுதப்பட்ட டோஸ் முழுவதும் உடலுக்குள் போகிறதா என்பது அடுத்த கேள்வி. 100 மி.லி. பையில் கரைத்த மருந்தை ஏற்றி முடித்ததும், குழாய்க்குள் 20 மி.லி. திரவம் தங்கியிருந்தால், அந்தக் குழாயைக் கழற்றி எறியும்போது டோஸின் ஐந்தில் ஒரு பங்கும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. பை காலியானதும் குழாயில் உள்ளதைச் சலைனால் உள்ளே தள்ளிவிட வேண்டும். குழந்தைகளுக்குக் குப்பியின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு: தூளும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு குப்பியில் உள்ள 250 மி.கி. தூள் 0.2 மி.லி. இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று தாளில் போட்டிருந்தால், 5 மி.லி. கரைசல் கிடைக்க 4.8 மி.லி. நீர்தான் சேர்க்க வேண்டும். பெரியவருக்கு முழுக் குப்பியையும் கொடுக்கும்போது இது பொருட்டல்ல, பச்சிளங்குழந்தைக்கு மிகவும் பொருட்டு.

கல்ச்சர் முடிவு வரும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை: சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு மாற்றலாமா, சிரைவழியிலிருந்து மாத்திரைக்கு மாறலாமா, நிறுத்தியே விடலாமா? காய்ச்சல் இறங்கி, வாயால் சாப்பிடத் தொடங்கிய நோயாளியை முதலில் பார்ப்பவர் செவிலியர்தான் என்பதால், இந்தக் கேள்வியை மருத்துவரிடம் எழுப்பும் உரிமையும் பொறுப்பும் அவருக்கு உண்டு. போதாத அளவில் பென்சிலின் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று ஃபிளெமிங் தன் நோபல் உரையிலேயே எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தேவைக்கு மேல் நீட்டிப்பதும் இந்தத் தீங்கை வளர்க்கும். எனவே மருத்துவர் சொன்ன நாட்கள் வரை எடுத்துக்கொள்ளுங்கள், மீந்ததை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த முறைக்கென்று எடுத்தும் வைக்காதீர்கள் என்பதே நோயாளிக்குச் சொல்லத்தக்கது.

வைரஸைத் தாக்கும்போது

வைரஸ் நம் செல்லின் கருவிகளைப் பயன்படுத்துவதால், மருந்துக்கு இலக்காகக்கூடிய இடங்கள் குறைவு. வைரஸ் தனக்கென்று கொண்டுவரும் ஓரிரு நொதிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலின் அழகான வெற்றி அசைக்ளோவிர். ஜெர்ட்ரூட் எலியன் இருந்த ஆய்வுக் குழுவில் உருவானது அது; அவர் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். உட்கொள்ளும்போது அசைக்ளோவிர் செயலற்ற பொருள். ஹெர்ப்பஸ் வைரஸ் கொண்டுவரும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் அதைச் செயல்படத் தொடங்கச் செய்கிறது. அதாவது வைரஸ் புகுந்த செல்லில் மட்டுமே மருந்து விழித்துக்கொண்டு, வைரஸின் டிஎன்ஏ வளர்வதை நடுவில் முறிக்கிறது. நலமான செல்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை.

அப்படியிருந்தும் சிரைவழி அசைக்ளோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. காரணம், அது நீரில் எளிதில் கரையாது. வேகமாக ஏற்றினால் சிறுநீரகக் குழல்களில் படிகமாக உறைந்து அடைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுதல், நோயாளிக்குப் போதிய திரவம் கொடுத்தல், சிறுநீர் அளவையும் கிரியாட்டினினையும் கண்காணித்தல் மூன்றும் இதிலிருந்து பிறப்பவை. கரைசல் மிகுந்த காரத்தன்மை உடையதால் சிரைக்கு வெளியே கசிந்தால் திசு புண்ணாகும். கேனுலா இருக்கும் இடத்தை ஏற்றும் முன்னும் ஏற்றும்போதும் பார்க்க வேண்டும். கரைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் படிகம் படியும். இன்னொரு சிக்கல்: சிறுநீரகம் பழுதடைந்தவரில் மருந்து தேங்கி, குழப்பமும் நடுக்கமும் மாயக்காட்சியும் தோன்றும். ஹெர்ப்பஸ் மூளைக்காய்ச்சலுக்காக இதே மருந்தைப் பெறும் நோயாளியிடம் அதே குழப்பம் நோயினாலும் வரும். எனவே மருந்து தொடங்கும் முன்பே அவருடைய நினைவுநிலையை விவரமாக எழுதிவைத்தால்தான் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கேன்சிக்ளோவிர் இதன் உறவினர், ஆனால் நலமான செல்லைப் பிரித்தறியும் திறன் குறைந்தது. வேகமாகப் பிரியும் எலும்பு மஜ்ஜை செல்களையும் அது பாதிப்பதால் வெள்ளணுக்கள் குறையும். கருவுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது என்பதால் புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் அதே எச்சரிக்கையோடு கையுறையும் மேலங்கியும் அணிந்து கையாள வேண்டும். கருவுற்றிருக்கும் செவிலியர் இதைக் கரைக்கும் பணியை வேறொருவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர், புதிதாக உருவான வைரஸ் செல்லைவிட்டு வெளியேற உதவும் நொதியைத் தடுக்கிறது. வைரஸ் ஏற்கெனவே பரவிவிட்டால் தடுப்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது என்பதால், அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் மிகுதி. கடுமையாக நோயுற்று மருத்துவமனையில் இருப்பவருக்கு அதன் பின்னும் தொடங்குவதுண்டு. உணவோடு எடுத்தால் குமட்டல் குறையும். உறிஞ்சும் பொடியாக வரும் சானமிவிர் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஏற்றதல்ல.

எச்ஐவிக்கு 1987இல் வந்த சிடோவுடின் தனியாகக் கொடுக்கப்பட்டபோது வைரஸ் விரைவிலேயே அதை மீறிவிட்டது. தன் மரபுப் பொருளை நகலெடுக்கையில் எச்ஐவி மிகுதியாகப் பிழை செய்யும். அந்தப் பிழைகளில் சில, மருந்தைத் தாங்கும் வைரஸை உருவாக்கிவிடும். 1996 வாக்கில் வெவ்வேறு இடங்களைத் தாக்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. டோஸ்களைத் தவறவிடும் நோயாளியைக் கண்டிப்பதால் பயனில்லை. வேலை நேரமா, வீட்டில் பிறர் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமா, குமட்டலா, எது தடுக்கிறது என்று கேட்டால்தான் வழி பிறக்கும். டெனோஃபோவிர் எடுப்பவருக்குச் சிறுநீரகச் செயல்பாடும், டோலுடெக்ராவிர் எடுப்பவருக்குக் கால்சியம், இரும்பு மாத்திரைகளின் நேர இடைவெளியும் கவனிக்கத்தக்கவை. அபாகாவிர் தொடங்கும் முன் ஒரு மரபணுச் சோதனை செய்யப்பட வேண்டும். காய்ச்சலும் தடிப்பும் வந்து அதன் ஒவ்வாமை என்று நிறுத்தப்பட்டால் மீண்டும் ஒருபோதும் தொடங்கக் கூடாது, இரண்டாம் முறை உயிருக்கே ஆபத்து. ஹெபடைடிஸ் பி மருந்தைத் தானாகத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் நோய் கடுமையாகத் திரும்பலாம். ஹெபடைடிஸ் சியோ 8 முதல் 12 வார மாத்திரைகளில் பெரும்பாலோருக்கு முழுமையாகவே குணமாகிறது. கோவிடுக்கான நிர்மட்ரெல்விர் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ரிடோனவிர், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியை முடக்குவதற்காகவே இருக்கிறது; ஆகையால் கொழுப்பு, இதயம், வலிப்பு என்று நோயாளி எடுக்கும் ஒவ்வொரு மருந்தையும் எழுதி வாங்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

இவற்றுள் எச்ஐவி மருந்து செவிலியருக்கே தேவைப்படும் ஒரு சூழலும் உண்டு. ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாட்கள் தொடர வேண்டும். பணிநேரம் முடியட்டும் என்றோ, மேலதிகாரி என்ன சொல்வாரோ என்றோ காத்திருக்க வேண்டாம். வார்டைச் சக செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு முதல் டோஸை எடுத்துக்கொள்ளப் போங்கள்.